இருபத்திரண்டாம் சங்கீதத்தின் ஓரம்

வாங்க ஐயரே, உள்ள வாங்க. செருப்பு அங்கனயே கெடக்கட்டும், இந்தத் தெருவுல நாய் கிடையாது. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. நம்ம சபைக்குப் போதகரா மாறுதலாகி வந்து ரெண்டு மாசத்துல வீடு வீடா சந்திக்க வாரீங்களே, பெரிய காரியம். முன்னால இருந்த ஐயர் நல்லவருதான், குத்தம் சொல்லலை. ஆனா கல்யாணம், சாவு, இந்த ரெண்டுக்கும்தான் படியேறுவாரு.

காபி போட்டுத் தரட்டுமா? வேண்டாமா? நல்லதாப் போச்சு. நான் போடுத காபியைக் குடிச்சீங்கன்னா அடுத்த மாசமே மாறுதல் கேட்டு எழுதிப் போட்டுருவீங்க.

வாசல்லயே 'அம்மா எங்க'ன்னு கேட்டீங்க. மக வீட்டுக்குப் போயிருக்கான்னு சொன்னேன். அது பொய் இல்ல. மதுரையில மக ஷீபா வீட்லதான் வயலட் இருக்கா. போயி ஒரு வருஷம் ஆகப்போகுது, அவ்வளவுதான். ஊர்ல கேக்கவங்களுக்கெல்லாம் பேத்தியைப் பாக்கப் போயிருக்கான்னு சொல்லிட்டு இருக்கேன். ஒரு வருஷமா எந்தப் பேத்தியைப் பாப்பாங்க? அவங்களும் கேக்கதை விட்டுட்டாங்க.

உங்ககிட்ட சொல்லியாகணும். ஏன்னா நீங்க நாலாம் வார்த்தை கேட்டு வந்திருக்கீங்க. பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனையில, ஆண்டவர் சிலுவையில சொன்ன ஏழு வார்த்தைக்கு ஏழு பேரு பேசுவோம். நாலாம் வார்த்தை பதினெட்டு வருஷமா நாந்தான். 'ஏன் என்னைக் கைவிட்டீர்'னு சிலுவையில இருந்து பிதாவைப் பாத்து கேட்டாரே, அது. மத்தவங்க அந்த வார்த்தையை வாங்கப் பயப்படுவாங்க. தகப்பன் எப்படி மகனைக் கைவிடுவாருன்னு கேள்வி வந்துரும்லா? முதல் மூணும் மன்னிப்பு, பரதீசு, தாயி, இதெல்லாம் லேசு. நாலாவது வந்ததும் எல்லாரும் என்னைத்தான் பாப்பாங்க.

நான் பெருமைக்குச் சொல்லலை. சரி, கொஞ்சம் பெருமையும் உண்டுன்னே வச்சிக்கிடுங்க.

அந்த வார்த்தை எங்க இருந்து வந்துச்சு? வேதாகமத்துல இருபத்திரண்டாம் சங்கீதம், முதல் வசனம். உங்களுக்குத் தெரியாததா. தாவீது ராஜா பாட்டா எழுதுனது. ஆயிரம் வருஷம் கழிச்சு ஆண்டவர் சிலுவையில அதைச் சொல்லுதாரு. அதோட நின்னுச்சா? கையையும் காலையும் குத்துனாங்கன்னு அதே சங்கீதத்துல இருக்கு. தாவீதை யாரு குத்துனா? வயசாகி படுக்கையில கெடந்து செத்த மனுஷன் அவரு. உடுப்பைப் பங்கு வச்சு சீட்டு போட்டாங்கன்னு இருக்கு. ராஜாவோட உடுப்புக்கு எவன் சீட்டு போடுவான்? அறுபத்தொன்பதாவதுல, தாகம்னு கேட்டதுக்குக் காடியைக் குடுத்தாங்கன்னு இருக்கு. நாப்பத்தொண்ணுல, கூட உக்காந்து சாப்பிட்டவனே எட்டி உதைச்சான்னு இருக்கு. யூதாசைத் தவிர யாரு? இப்பம் சொல்லுங்க, இது தாவீதோட குரலா? இது அவரு குரல் ஐயரே. பெத்லகேம்ல பொறக்கதுக்கு முன்னாலயே அவரு அழுத அழுகை.

பாருங்க கையை. எத்தனை வருஷமா சொல்லுதேன், இன்னும் மயிர்க்கூச்செறியுது.

இன்னொண்ணு சொல்லுதேன், இது நானே கண்டுபிடிச்சது. அதே சங்கீதம், ஒன்பதாவது வசனம். தாய் வயித்துல இருந்து என்னை எடுத்தது நீருதான், தாய்ப்பால் குடிக்கையிலயே உம்மை நம்ப வச்சீருன்னு சொல்லுதாரு. அடுத்த வசனத்துலயும் தாயிதான். தகப்பனைப் பத்தி ஒரு வார்த்தை இருக்கா? தேடிப் பாருங்க, இருக்காது. ஏன்? கன்னி வயித்துல பொறந்தவருக்கு பூமியில தகப்பன் ஏது? இந்த ஒரு வசனத்தை வச்சு ஒண்ணரை மணி நேரம் பேசியிருக்கேன். ஒருத்தரும் எந்திரிச்சுப் போகலை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரிஞ்சுது? ஒரு காலத்துல எனக்குச் சங்கீதம்னாலே ஆகாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலு, எண்பத்தஞ்சு வருஷத்துல. திறந்தா மனசு என்னமோ பண்ணும், மூடி வச்சிருவேன். காரணம் இருந்துச்சு, அதுக்கு அப்புறம் வாரேன். அப்பம் இங்கன, நம்ம நாசரேத் ஊரு பக்கம் ஒரு கன்வென்ஷன். பந்தல்ல மண்தரையில உக்காந்திருக்கேன். பிரசங்கியார் சொல்லுதாரு, 'சங்கீதத்துல அழுகது நீயில்ல, கிறிஸ்து'ன்னு. அந்த ஒரு வார்த்தை. அப்படியே நெஞ்சுல இருந்து பாரம் எறங்குன மாதிரி இருந்துச்சு. நான் அழவேண்டிய அவசியமே இல்லைன்னு ஆயிருச்சு. எல்லாத்தையும் அவரே அழுது முடிச்சுட்டாரு. அன்னையில இருந்து சங்கீதத்தை விட்டதே இல்ல நான்.

பொதுப்பணித்துறையில முப்பத்து நாலு வருஷம் டிராப்ட்ஸ்மேன் வேலை. அணை, மதகு, வாய்க்கால், எல்லாம் என் கையால வரைஞ்சது. கம்ப்யூட்டர் வரதுக்கு முன்னால உள்ள ஆளு. ஒரு கோடு போட்டா கோடு மாதிரி இருக்கணும். அந்தக் கைதான் வேதத்துலயும் வேலை செஞ்சுது. பாத்திருப்பீங்களே, சில வேதத்துல இயேசு பேசுனதை மட்டும் சிவப்பு எழுத்துல அச்சடிச்சிருப்பாங்க. மத்தேயுவுல இருந்துதான் சிவப்பு தொடங்கும். அது எனக்குப் பொறுக்கலை. அவரு சங்கீதத்துல இருந்தே பேசுதாரே, அங்கன ஏன் கறுப்பு? அதனால என் வேதத்துல நானே போட்டேன். ஸ்கேல் வச்சு, மெல்லிசு நிப்புல, சிவப்பு மையால, கிறிஸ்து பேசுத வசனத்துக்கெல்லாம் அடிக்கோடு. நூத்தம்பது சங்கீதத்துக்கும் போட்டேன். ஓரத்துல, புதிய ஏற்பாட்டுல அது எங்க நிறைவேறுச்சுன்னு குறிப்பு. பாத்தவங்க அச்சடிச்சதான்னு கேப்பாங்க.

வியாழக்கிழமை தோறும் சபை மன்றத்துல சங்கீத வகுப்பு நடத்துனேன். பதினஞ்சு இருபது பேரு வருவாங்க. வயலட்டும் வருவா, பின்னால பெஞ்சுல. எதுவும் பேச மாட்டா. ஒரே ஒரு தடவை கேட்டா. எண்பத்தெட்டாவது சங்கீதம் நடத்திட்டு இருக்கேன். அதுல கடைசி வரைக்கும் வெளிச்சமே கிடையாது, இருட்டுலயே முடியும். ஆண்டவர் கல்லறையில கெடந்ததை அது சொல்லுதுன்னு நான் விளக்குதேன். அவ எந்திரிச்சு நின்னு, 'எல்லாச் சங்கீதமும் அவருக்குன்னா, நாம அழுகதுக்கு எது?'ன்னு கேட்டா.

நான் சொன்னேன், 'நமக்குத்தான் வேதத்துல புலம்பல்னு ஒரு புஸ்தகமே இருக்கே!'

வகுப்பே சிரிச்சுது. அவளும் சிரிச்ச மாதிரிதான் எனக்குத் தெரிஞ்சுது. தூரத்துல இருந்தா, சரியாப் பாக்கலை.

அவளுக்கு ஒரு வேதம் உண்டு. கல்யாணத்துக்கு அவ அப்பா குடுத்தது. எண்பத்தொண்ணுல. அட்டை கிழிஞ்சு, முதுகு பிரிஞ்சு, சங்கீதம் இருக்க பக்கமெல்லாம் கறுத்துப் போயி கெடக்கும். காலையில எந்திரிச்சதும் அதுல ஒரு சங்கீதம், அடுப்படியில நின்னுக்கிட்டே. அது நிறைய பென்சில் கிறுக்கல். சின்னச் சின்னதா தேதி, ரெண்டு எழுத்து மூணு எழுத்து, புள்ளி, பெருக்கல் குறி. எழுபது எண்பது இருக்கும். வேதத்துல இப்படிக் கிறுக்கலாமான்னு நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். அவ முந்தானையால மூடிக்கிடுவா.

போன வருஷம் பெரிய வெள்ளிக்கு முன்னால, லெந்து காலத்துல அவளுக்குக் கண் ஆபரேஷன். புரை. ஒரு மாசம் ஒண்ணும் வாசிக்கக் கூடாது, அப்புறம் கண்ணாடி மாத்திட்டு வாசிங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு இந்த ஜன்னல் பக்கம்தான் உக்காந்திருப்பா. மூணு நேரமும் சொட்டு மருந்து நாந்தான் விட்டேன். சோறும் நாந்தான் வச்சேன். அதைச் சொல்லாம விட்டா நான் என்னமோ கொடுமைக்காரன் மாதிரி ஆயிரும்.

அப்பம்தான் எனக்கு யோசனை வந்துச்சு. அவ வேதத்தை எடுத்துச் சரி பண்ணி, கண்ணாடி வந்த அன்னைக்கி கையில குடுக்கணும்னு. பாளையங்கோட்டையில ஒரு பைண்டர்கிட்ட குடுத்து, முதுகு தச்சு, நல்ல தோல் அட்டை போட்டு வாங்குனேன். அப்புறம் மேஜையில வச்சு வேலையைத் தொடங்குனேன். ஒன்பது நாளு. முதல்ல அழுக்கு எடுத்தேன். படம் வரையிறவங்க வச்சிருக்க ரப்பர் ஒண்ணு உண்டு, தாளைப் பிய்க்காம எடுக்கும். ஒவ்வொரு பென்சில் கிறுக்கலா அழிச்சேன். அவ அழுத்தி எழுதுத கை, எழுத்து போனாலும் பள்ளம் தெரியும். அதுக்கும் வழி உண்டு. மேல ஒரு தாளை வச்சு நகத்தால மெதுவா தேய்ச்சா சமமாயிரும். அப்புறம்தான் சிவப்புக் கோடு.

அவ அந்த ஜன்னல் பக்கம், நான் இங்க. பத்தடி தூரம். 'என்ன சத்தம் அது, எலி பறண்டுத மாதிரி?'ன்னு கேக்கா. 'பொறு, உனக்கு ஒண்ணு வச்சிருக்கேன்'னு சொன்னேன். சிரிச்சா. 'எழுபது வயசுல என்னத்த வச்சிருக்கீங்க'ன்னு கேட்டா. சந்தோஷமாத்தான் இருந்தா ஐயரே. அந்த ஒன்பது நாளும் நாங்க ரெண்டு பேரும் சந்தோஷமாத்தான் இருந்தோம்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் கண்ணாடி வந்துச்சு. வேதத்தை ஒரு புதுத் துண்டுல சுத்தி மடியில வச்சேன். தொறந்தா. அட்டையைத் தடவிப் பாத்தா, நல்லாருக்குன்னா. சங்கீதத்துக்குப் போனா. ஒரு பக்கம் புரட்டுனா. இன்னொரு பக்கம் புரட்டுனா. அப்புறம் வேகவேகமாப் புரட்டுனா. இருபத்திரண்டுல வந்து நின்னா. புஸ்தகத்தைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்ச்சுப் பிடிச்சா, இந்தப் பக்கம் சாய்ச்சா, அந்தப் பக்கம் சாய்ச்சா.

'அழிச்சீங்களா?'ன்னு கேட்டா.

'ஒரு பொட்டு தெரியாது பாரு. பள்ளம்கூட இருக்காது'ன்னு சொன்னேன்.

சத்தியமா ஐயரே, அவ நல்லாருக்குன்னு சொல்லப்போறான்னுதான் பாத்துட்டு இருந்தேன்.

அவ சத்தம் போடலை. 'அழிக்கதுக்கு முன்னால வாசிச்சீங்களா?'ன்னு கேட்டா. இருபத்திரண்டாவது சங்கீதம், ஒன்பதாவது வசனத்துக்குப் பக்கத்துல, ஓரத்துல, விரலை வச்சுக்கிட்டுக் கேட்டா. நான் வாசிச்சேன்னு சொல்லிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு தெரியலை. வாசிக்கலைன்னு சொன்னா தப்பாயிரும்னு பட்டுச்சு.

'அப்பம் பேரைச் சொல்லுங்க'ன்னா.

பேரா? என்ன பேரு?

அப்புறம்தான் எனக்கு உறைச்சுது. நான் முதல்லயே சொன்னேன்லா, சங்கீதத்தை மூடி வச்ச காலம். எண்பத்து நாலு ஆகஸ்டுல எங்களுக்கு ஒரு ஆம்பளைப் பிள்ளை பொறந்துச்சு. குறைமாசம். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில வச்சிருந்தாங்க. நான் அப்பம் காரையார் அணைக்கு மேல, மலையில சர்வே கேம்ப்ல இருந்தேன். போன் கிடையாது, தந்தி வந்து சேரதுக்கே நாளாச்சு. லீவு தரலை. தரலைன்னு இல்ல, நான் கேட்டு அலையலை, பிள்ளை தேறிரும்னு நினைச்சேன். நான் வந்து இறங்குனது பதினோராவது நாளு. முகத்தை ஒரு தடவை பாத்தேன். கண்ணு மூடியிருந்துச்சு.

அவளை ஆஸ்பத்திரியில விட்டுட்டு நானும் எங்க அண்ணனும்தான் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டு போனோம். அப்பம் இருந்த ஐயர் கேட்டாரு, 'பிள்ளைக்குப் பேர் வச்சாச்சா?'ன்னு. இல்லைன்னு சொன்னேன். ஞானஸ்நானம் ஆகலை, அப்பம் பேரு ஏது? 'இந்தச் சிசுவை'ன்னுதான் ஜெபம் பண்ணுனாரு. கல்லு வைக்கலை. போன மாசம் நம்ம சபை அடக்க ரிஜிஸ்டரை எடுத்துப் பாத்தேன். 'அருமைநாயகத்தின் ஆண் குழந்தை'ன்னு எழுதியிருக்கு. என் பேருதான் இருக்கு அதுல.

ஆனா அவ வச்சிருந்திருக்கா. இதெல்லாம் பின்னால மக போன்ல சொல்லித்தான் எனக்குத் தெரியும். பால் குடுக்கும்போது பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டு இருந்திருக்கா, பதினோரு நாளும். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சங்கீதத்துக்குப் பக்கத்துல தேதி போட்டு வச்சிருந்திருக்கா. கடைசியா பால் குடிச்ச அன்னைக்கி, அந்த ஒன்பதாவது வசனத்துக்குப் பக்கத்துல, பேரை எழுதி வச்சிருக்கா. இந்த உலகத்துல அந்தப் பேரு எழுதியிருந்த ஒரே இடம் அதுதான். நான் அந்த இடத்துல கன்னி மரியாள்னு குறிப்பு எழுதி, மத்தேயு ஒண்ணு இருபத்து மூணுன்னு போட்டு வச்சிருக்கேன்.

எனக்கு எப்படித் தெரியும் சொல்லுங்க? அவ ஒரு நாளும் சொல்லலை. நாப்பது வருஷம் ஒரே வீட்டுக்குள்ள இருந்துட்டு, ஒரு வார்த்தை சொல்லலை. ஊமை மாதிரி மனசுக்குள்ளயே வச்சிருந்தா நான் என்ன தீர்க்கதரிசியா?

அன்னைக்கி வாய்க்கு வந்ததைச் சொன்னேன். 'சாமுவேல்'னு சொன்னேன். வேதத்துல அன்னாள்னு ஒரு தாயி ஜெபம் பண்ணிக் கேட்டு வாங்குன பிள்ளை, அதனால அப்படித்தான் இருக்கும்னு ஒரு கணக்கு. அவ என்னைப் பாத்தா. 'நீங்க வாசிக்கலை'ன்னு சொல்லிட்டு, கொடியில கெடந்த துணியை எடுக்கப் போயிட்டா.

நாலு நாளு பேச்சு கிடையாது. சோறு பொங்குனா, வச்சா, எல்லாம் நடந்துச்சு. புதன்கிழமை என்னால பொறுக்க முடியலை. உக்கார வச்சுச் சொன்னேன். 'வயலட், அது வேற யாருக்கும் சொந்தமான வசனம் இல்ல. அது கிறிஸ்துவோட வாயில இருந்து வந்தது. அதுல நம்ம பிள்ளை பேரை எழுதுததே சரியில்ல'ன்னேன். கோபமா சொல்லலை, சாந்தமாத்தான் சொன்னேன்.

அவ அரிசி பொடைச்சிட்டு இருந்தா. சொளகைக் கீழ வச்சா. என்ன சொன்னா தெரியுமா? அப்படியே சொல்லுதேன், ஒரு வார்த்தை மாறாம.

'அவரு சிலுவையில கெடக்கும்போது சொந்தமா ஒரு வார்த்தை சொல்லத் தெரியாமலா அதைச் சொன்னாரு? ஏற்கெனவே யாரோ அழுத அழுகை அது. எத்தனையோ பொம்பளையும் ஆம்பளையும் அழுது அழுது பழகிப்போன அழுகை. அதை அவரு தன் வாயில வாங்கிக்கிட்டாரு. எங்க அழுகையை அவரு எடுத்துக்கிட்டாருன்னுதான் நான் அவரை நம்புதேன். நீங்க என்னன்னா, அவரு பேரைச் சொல்லி எங்ககிட்ட இருந்து பிடுங்குதீங்க.'

நான் அசந்துட்டேன் ஐயரே. எட்டாங்கிளாஸ் படிச்சவ. இத்தனை வருஷம் சங்கீதத்தைக் குடைஞ்சிருக்கேன், எனக்கு அது தோணலையே! தாவீதுல இருந்து கிறிஸ்துவுக்குப் போற வழியைத்தான் நான் பாத்தேன். கிறிஸ்து அங்க இருந்து திரும்பி நம்மகிட்ட வாரத நான் பாக்கலை. அவ அந்தப் பக்கம் போனதும் உடனே நோட்டை எடுத்து எழுதி வச்சிக்கிட்டேன், மறந்துருமேன்னு.

ஆமா. பெரிய வெள்ளிக்கிழமை நாலாம் வார்த்தைக்கு அதைத்தான் பேசுனேன்.

நல்ல கருத்து, சபைக்குப் போகணும்னுதான் பேசுனேன். 'அன்பானவர்களே, ஆண்டவர் சொந்தமா ஒரு வார்த்தை சொல்லத் தெரியாமலா இதைச் சொன்னாரு?'ன்னு தொடங்குனேன். கோயில்ல ஊசி விழுந்தா கேக்கும். பெண்கள் பக்கம் எல்லாரும் வெள்ளைச் சேலை, அழுதுட்டு இருக்காங்க. ஒரு சகோதரி எனக்கு இதைச் சொன்னாங்கன்னு ஒரு வார்த்தை போட்டிருக்கலாம். விட்டுட்டேன். பேசுத வேகத்துல விட்டுப்போச்சு. எனக்கு ஆண்டவர் வெளிப்படுத்துனாருன்னு சொல்லிட்டேன். வழக்கமா அப்படிச் சொல்லிச் சொல்லி நாக்கு பழகிருச்சு.

மூணாவது வரிசையில இருந்து ஒருத்தி எந்திரிச்சு வெளிய போனது தெரிஞ்சுது. வயசானவங்க, மூணு மணி நேரம் உக்கார முடியாது, போவாங்க. அது வயலட்டுன்னு வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். ஆராதனை முடிஞ்சதும் எத்தனை பேரு கையைப் பிடிச்சாங்கன்னு சொன்னேன்னா நம்ப மாட்டீங்க. பதினெட்டு வருஷத்துல இதுதான் உச்சம்னு சொன்னாங்க. நான் அந்தச் சந்தோஷத்துல வீட்டுக்கு வாரேன், அவ பையில சேலையை மடிச்சு வச்சிட்டு இருக்கா.

மறுநாள் ஷீபா கார் எடுத்துட்டு வந்துட்டா. வேதத்தை எடுத்துட்டுப் போன்னு சொன்னேன். 'அது உங்க வேதம், நீங்களே வச்சிக்கிடுங்க'ன்னு வயலட் சொல்லிட்டா. உயிர்த்தெழுந்த ஞாயிறு அன்னைக்கி நான் மட்டும் கோயிலுக்குப் போயிட்டு வந்தேன். பழைய சோறு இருந்துச்சு, சாப்பிட்டேன்.

இதுல ஒரு சங்கதி கேளுங்க. ஷீபாவுக்கு அந்தப் பேரு தெரியுமாம். சின்னப் பிள்ளையில இருந்தே தெரியுமாம். ராத்திரி படுக்கும்போது அம்மாவும் மகளும் அண்ணன் பேரைச் சொல்லித்தான் ஜெபம் பண்ணுவாங்களாம். இதே வீட்டுல, அடுத்த அறையில. நான் இங்க மேஜையில உக்காந்து சங்கீதத்துக்குக் குறிப்பு எழுதிட்டு இருந்திருப்பேன். போன்ல அவகிட்ட கெஞ்சுனேன். 'அம்மா சொல்லாம நான் சொல்ல மாட்டேம்பா'ன்னு வச்சிட்டா.

அன்னையில இருந்து என்ன பண்ணுதேன்னு காட்டவா? இந்தாங்க, இதுதான் அந்தப் பக்கம். லென்சு, டார்ச் லைட்டு, மெல்லிசு தாளு, கரித்தூள் எல்லாம் வச்சுப் பாத்தாச்சு. மேல தாளை வச்சுக் கரித்தூளை மெதுவா தேய்ச்சா பழைய பள்ளம் எழும்பும். ஆபீஸ்ல கள்ளக் கையெழுத்துக்கு அப்படித்தான் பாப்போம். ஒரு இடத்துல கொம்பு மாதிரி வருது. 'ஜெ'வா 'செ'வா தெரியலை. மூணு எழுத்தா, நாலு எழுத்தா? நான் நல்லா தேய்ச்சிருக்கேன் ஐயரே. முப்பத்து நாலு வருஷத் தொழிலு. ஒரு தடம் விடலை.

நூத்தம்பது சங்கீதத்துல கிறிஸ்து எங்கெங்க ஒளிஞ்சிருக்காருன்னு கேளுங்க, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். என் பிள்ளை பேரு எனக்குத் தெரியலை.

என்ன அப்படிப் பாக்குதீங்க? நான் அழலை. கண்ணுல எனக்கும் புரை விழுது, தண்ணி வடியும்.

நாலாம் வார்த்தைக்கு இந்த வருஷம் வேற ஆளைப் பாத்துக்கிடுங்க. என்ன பேசணும்னு எனக்குத் தெரியும், போன வருஷத்தைவிட நல்லாவே பேசுவேன். அதனாலதான் வேண்டாம்னு சொல்லுதேன். மூணாவது வரிசையில அவ இருந்த இடத்தைப் பாத்துக்கிட்டு, 'ஏன் கைவிட்டீர்'னு நான் கேட்டா, யாரு யாரைக் கேக்கதுன்னு எனக்கே புரியாமப் போயிரும்.

எந்திரிச்சிட்டீங்களா? இன்னும் நாலு வீடு இருக்கும் உங்களுக்கு. ஜெபம் பண்ணிட்டுப் போங்க. வீட்ல உள்ளவங்க பேரையெல்லாம் எழுதி வச்சு, பேர் சொல்லி ஜெபிப்பீங்களாமே, தெருவுல சொன்னாங்க. எழுதிக்கிடுங்க. அருமைநாயகம். வயலட். மக ஷீபா, மருமகன் கிறிஸ்டோபர், பேத்தி ஆட்லின்.

அப்புறம் ஒரு பையன். எழுதுங்க. மூத்தவன்.

பேரா... ஆண்டவருக்குத் தெரியும்னு எழுதிக்கிடுங்க.

இல்ல, இருங்க. அதை அடிச்சிருங்க. ஆண்டவருக்குத் தெரியும், ஆண்டவருக்குத் தெரியும்னு சொல்லித்தான் நான் தெரிஞ்சிக்காமலே இருந்துட்டேன். இந்த ஒரு வருஷத்துல லென்சு வச்சுப் பாத்தேன், ரிஜிஸ்டர்ல பாத்தேன், மகளைக் கெஞ்சுனேன். வயலட்டுகிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. நானா கண்டுபிடிச்சுப் போயி அவ முன்னால நிக்கணும்னு நினைச்சேனே தவிர, நம்ம பிள்ளைக்கு நீ என்ன பேரு வச்சேன்னு அவளை நான் கேக்கவே இல்ல. அன்னைக்கும் கேக்கலை, இன்னைக்கும் கேக்கலை.

அந்த இடத்தை மட்டும் சும்மா விட்டு வைங்க ஐயரே. நாளைக்கிக் காலையில மதுரைக்கு பஸ் இருக்கு. சொல்லுவாளா மாட்டாளான்னு தெரியாது. கேட்டுட்டு வாரேன்.